டிரெயிலை விட்டு விலகி கவுண்டி உச்சிகளுக்கு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள், நம்மூர் மாவட்டம் மாதிரி. ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் இடம் மற்ற எல்லா இடத்தையும் விட உயரமாக இருந்தாக வேண்டும். அந்த 58 இடங்களிலும் கால் வைத்தே தீருவது என்று கிளம்பியவர்கள் இங்கே உண்டு. அமெரிக்கா முழுக்க எடுத்துக்கொண்டால் 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகள். அதையும் விடாமல் துரத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மாநிலத்தின் உச்சி என்றால் பெரும்பாலும் ஒரு பலகை, கார் நிறுத்த இடம், படம் எடுத்துக்கொள்ள ஒரு பாறை என்று ஏதாவது இருக்கும். கவுண்டி உச்சிகளில் பலவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது. டிரெயில், அதாவது மலையில் போட்டு வைத்த நடைபாதை, எல்லோருக்கும் பிடித்த ஏரியைப் பார்த்துப் போகும். உச்சி அதற்கு நேர் எதிரே, புதருக்கும் சரளைக்கும் பின்னால் இருக்கும்.

டிரெயிலில் ஏழெட்டு மைல் சிரமமில்லாமல் நடந்துவிடுகிற, ஆனால் டிரெயிலை விட்டு இதுவரை இறங்காத ஆளுக்கு இந்தக் கட்டுரை. நான் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் இருப்பதால் உதாரணங்கள் கலிஃபோர்னியா, நெவாடா பக்கத்தவை. முறை எங்கே போனாலும் ஒன்றுதான். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த வேலையில் பாதி வீட்டு மேஜையிலேயே முடிந்துவிடும். மீதியில் பெரும்பகுதி இறங்கும்போது நடக்கும். ஏறுவதுதான் இருப்பதிலேயே சுலபம்.

முதல் படி: கார் போகிற உச்சிகளில் தொடங்குங்கள்

சான் பிரான்சிஸ்கோ நகரமும் கவுண்டியும் ஒன்றே. அதன் உச்சி மவுன்ட் டேவிட்சன், 928 அடி. மரங்களுக்கு நடுவே 1934-ல் கட்டிய 103 அடி கான்கிரீட் சிலுவை நிற்கிறது. தெருவிலிருந்து கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம். கான்ட்ரா கோஸ்டா கவுண்டிக்கு மவுன்ட் டயாப்லோ, 3,849 அடி. அங்கே உச்சி வரை தார்ச்சாலை போகிறது. உண்மையான உச்சிப் பாறை அருங்காட்சியகக் கட்டடத்துக்குள்ளே, தரையைப் பிளந்துகொண்டு நீட்டி நிற்கிறது. வெளியே நின்று படம் எடுத்துவிட்டு, உள்ளே போகாமலே திரும்பி விடுகிறவர்கள் ஏராளம்.

மரின் கவுண்டியின் கதை இன்னும் சுவாரசியம். டமல்பைஸ் மலையில் மேற்குச் சிகரம்தான் ஒரு காலத்தில் உயரம். 1950 வாக்கில் விமானப்படை அங்கே ரேடார் நிலையம் கட்ட வந்து, சிகரத்தின் தலையைச் சீவிச் சமப்படுத்தியது. இப்போது 2,571 அடியில் கிழக்குச் சிகரம் கவுண்டியின் உச்சி. உச்சி எது என்பது மாறவும் செய்யும் என்பதற்கு இதுவே போதும்.

இந்த மூன்றையும் ஒரே வார இறுதியில் முடித்துவிடலாம். உச்சியில் நின்றதும் போனில் மேப்பைத் திறந்து, சுற்றிலும் தெரிகிற ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் அதில் தேடிப் பாருங்கள். பின்னால் வழி தேடவேண்டிய இடத்தில் இந்தப் பழக்கம் கை கொடுக்கும்.

இரண்டாம் படி: உச்சி எது என்று கண்டுபிடியுங்கள்

பீக்பேக்கர், லிஸ்ட்ஸ் ஆஃப் ஜான் போன்ற தளங்களில் ஒவ்வொரு கவுண்டிக்கும் உச்சி பட்டியலிட்டிருக்கும். அதை எடுத்துக்கொண்டு அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் மேப்பை நீங்களே ஒரு முறை பாருங்கள். பட்டியல் எப்போதும் ஒற்றைச் சிகரத்தைக் காட்டாது. மூன்று வகை உண்டு.

முதலாவது, ஒழுங்கான சிகரம். விட்னி மலை அப்படி. 14,505 அடி. அதன் உச்சி இன்யோ, டுலாரி இரண்டு கவுண்டிகளின் எல்லையில் இருப்பதால் ஒரே ஏற்றத்தில் இரண்டு கணக்கு. பழைய மேப்பில் இதே மலை 14,494 அடி என்று போட்டிருக்கும். மலை வளரவில்லை, உயரத்தை எங்கிருந்து அளப்பது என்ற அடிப்படை மாறியது.

இரண்டாவது வகையை இந்தக் கூட்டத்தில் லைனர் என்பார்கள். மலையின் சிகரம் பக்கத்துக் கவுண்டியில் இருக்கும்; அதன் சரிவு மட்டும் எல்லையைத் தாண்டி நம் கவுண்டிக்குள் இறங்கும். அப்போது நம் கவுண்டியின் உச்சி, சரிவின் நடுவே எல்லைக்கோடு போகிற ஏதோ ஒரு புள்ளி. சோனோமா கவுண்டியின் உச்சி அப்படித்தான், லேக் கவுண்டியின் கோப் மலைச் சரிவில் இருக்கிறது. அங்கே போய் நின்றால் மேலே இன்னும் மலை இருக்கும். கோடு எங்கே என்று தரையில் எதுவும் சொல்லாது, ஜிபிஎஸ்தான் சொல்லவேண்டும். அதுவும் சில அடி முன்னே பின்னே காட்டும் என்பதால், கொஞ்சம் தாண்டி நடந்துவிட்டுத் திரும்புவது வழக்கம்.

மூன்றாவது வகை சமவெளிக் கவுண்டிகள். இலினாய், இண்டியானா பக்கம் மேப்பில் பத்து அடிக்கு ஒரு சமவுயரக் கோடு, அதாவது ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடு. கடைசிக் கோட்டுக்குள் அடங்கிய மேடுகள் ஒன்றல்ல, பலவாக இருக்கும். எந்த மேடு ஒன்பது அடி கூடுதல், எது ஓர் அடி கூடுதல் என்று அந்த மேப் சொல்லாது. அதனால் எல்லா மேட்டையும் மிதித்துவிட்டு வருவார்கள். சோள வயலுக்குள் அறுவடைக்குப் பிறகு, அடுத்த விதைப்புக்கு முன்னால் போகவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். விமானத்திலிருந்து லேசர் வைத்து அளந்த லைடார் தரவு இப்போது நிறைய இடங்களுக்குக் கிடைக்கிறது. அதைப் பார்த்தால் பத்து மேடு இரண்டாகக் குறையும்.

எண்ணிக்கை சேர்க்க மட்டும் என்றால் சமவெளிக் கவுண்டிகள் வேகமாக நிரம்பும். எனக்கென்னவோ அதில் காருக்குள் உட்கார்ந்திருக்கும் நேரமே அதிகம் என்று தோன்றும். உங்கள் இஷ்டம்.

மூன்றாம் படி: அந்த நிலம் யாருடையது?

இந்தப் பகுதியை மட்டும் அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். டிரெயிலில் நடக்கிறவரைக்கும் இந்தக் கேள்வியே எழாது. டிரெயிலை விட்டால் ஒவ்வோர் அடிக்கும் இது உண்டு.

தேசிய வனம், பிஎல்எம் எனப்படும் நில நிர்வாகத் துறையின் நிலம், இவற்றில் பெரும்பாலும் டிரெயிலை விட்டு எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம். தமிழ்நாட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போக முடியாது என்று பழகிய நமக்கு இது முதலில் நம்பவே கடினம். ஆனால் விதிவிலக்குகள் இருக்கின்றன, அவை உச்சிகளைச் சுற்றியே அதிகம். அரிசோனாவைப் பாருங்கள்: 15 கவுண்டிகள்தான். அதில் கோகனீனோவின் ஹம்ஃப்ரீஸ் பீக், 12,637 அடி. அங்கே மட்டுமே வளரும் ஓர் அரிய செடியைக் காக்க, 11,400 அடிக்கு மேல் டிரெயிலை விட்டுக் கால் எடுத்து வைக்கக் கூடாது. அப்பாச்சி கவுண்டியின் பால்டி பீக் உச்சி, வெள்ளை மலை அப்பாச்சி மக்களின் நிலத்தில், அவர்களுக்குப் புனிதமான இடம், வெளியாட்களுக்கு இடமில்லை. கிரஹாம் மலையின் உச்சி அழியும் நிலையிலுள்ள ஒரு செவ்வணிலின் காப்பிடம். அதுவும் மூடப்பட்டது. ஹம்ஃப்ரீஸில் டிரெயிலை விடாமலே உச்சி வரை போகலாம். மற்ற இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: வேண்டாம் என்றால் வேண்டாம். எல்லை வரை போய்த் திரும்பிப் பட்டியலில் காலியாகவே விட்டு வைக்கலாம்.

கலிஃபோர்னியாவிலும் இப்படி உண்டு. சான் டியேகோவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் மலை, 6,533 அடி, லாஸ் கொயோட்டஸ் பழங்குடி நிலத்துக்குள் இருக்கிறது. அவர்களுடைய அனுமதி வேண்டும். சான் பெனிட்டோ மலை, 5,241 அடி, இன்னொரு விதம். அந்த மண்ணிலேயே இயற்கையாக ஆஸ்பெஸ்டாஸ் கிடக்கிறது. 2008-ல் பிஎல்எம் அந்தப் பகுதியையே மூடியது, பிறகு அனுமதிச் சீட்டோடு திறந்தது. காய்ந்த காலத்தில் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகிற இடமல்ல அது. மழைக்குப் பிறகு ஈரமாக இருக்கும்போது போகிறார்கள்.

அடுத்து தனியார் நிலம். கால்டோப்போ, கையா போன்ற மேப்களில் நில உரிமை லேயர் ஒன்று இருக்கும். அதைப் போட்டால் வனம் ஒரு நிறம், பிஎல்எம் ஒரு நிறம், தனியார் வெறும் வெள்ளை. உச்சி மட்டும் அரசு நிலத்தின் நிறத்தில் இருந்து பயனில்லை. காரிலிருந்து உச்சி வரை முழுப் பாதையும் அந்த நிறங்களில் இருக்கிறதா என்று பாருங்கள். வடக்கு நெவாடாவில் பழைய ரயில் பாதையை ஒட்டி ஒரு மைல் சதுரம் அரசு, அடுத்த சதுரம் தனியார் என்று சதுரங்கப் பலகையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே நேர்கோடு போட்டு நடந்தால் அரை மணிக்கு ஒருமுறை யாரோ ஒருவர் நிலத்துக்குள் இருப்பீர்கள்.

தனியார் நிலம் என்றால் கேட்டுவிட்டுப் போங்கள். சொத்து வரிக்கு நிலத்தை மதிப்பிடும் கவுண்டி அசெசர் அலுவலகத்தில் உரிமையாளர் யார் என்று தெரிந்துகொள்ளலாம். நேரில் போவதானால் பகலில், காரை வாசலை மறிக்காமல் ரோட்டிலிருந்து தெரிகிற மாதிரி நிறுத்திவிட்டு, கையில் மேப்போடு போங்கள். ஊருக்குள் புதுமுகம் வந்து நின்றால் அவர்களுக்கும் ஒரு யோசனை இருக்கும். "உங்கள் கவுண்டியிலேயே உயரமான இடம் உங்கள் நிலத்தில் இருக்கிறது, ஒரு நிமிடம் நின்றுவிட்டு வரலாமா" என்று சுற்றி வளைக்காமல் கேட்பதே நல்லது. பலருக்கு அந்த விஷயமே தெரிந்திருக்காது, தெரிந்ததும் ஒரு சந்தோஷம் வரும். இலினாய் மாநில உச்சியான சார்லஸ் மவுண்ட், 1,235 அடி, தனியார் பண்ணையில்தான் இருக்கிறது. உரிமையாளர்கள் ஆண்டில் சில வார இறுதிகளில் மட்டும் திறந்துவிடுகிறார்கள், கூட்டம் அந்த நாள்களில் போய் வருகிறது. டெக்சாஸ், மிசௌரி, இலினாய் போன்ற மாநிலங்களில் மரத்திலோ கம்பத்திலோ ஊதா பெயின்ட் பட்டை கண்டால் அது பலகைக்குச் சமம்: உள்ளே வராதே.

விசாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அத்துமீறி நுழைந்ததாகக் கவுண்டிக் காவல் அதிகாரியான ஷெரிஃப் ஒரு சீட்டுக் கொடுத்தாலே அது சின்ன விஷயமாக முடியாது. கிரீன் கார்டு படிவத்தில் எப்போதாவது கைதோ குற்றச்சாட்டோ உண்டா என்று கேட்கிற இடத்தில் அதை எழுதவேண்டி வரும். ஒரு மேட்டுக்காக அந்தத் தலைவலி தேவையில்லை. எல்லைப் பக்கம் போனால் இன்னொன்று: இம்பீரியல் கவுண்டியின் ப்ளூ ஏஞ்சல்ஸ் பீக், 4,548 அடி, மெக்சிகோ எல்லையை ஒட்டி நிற்கிறது. எல்லைக் காவலர் நிறுத்திக் கேட்பது அங்கே சகஜம். கிரீன் கார்டோ, நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவுத் தாளோ பையில் இருக்கட்டும்.

நான்காம் படி: மேப்பில் பாதை போடுங்கள்

மலைப்பகுதி மேப்பில் பொதுவாக 40 அடிக்கு ஒரு சமவுயரக் கோடு, ஐந்து கோட்டுக்கு ஒன்று தடிமனாக. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். டிரெயில் இல்லாமல் நடக்கத் தெரிந்திருக்கவேண்டியது இன்னும் இரண்டு. கோடுகள் வளைந்து கூர்முனை உச்சியை நோக்கி இருந்தால் அது பள்ளம், முனை கீழே பார்த்திருந்தால் அது முகடு. முகடு வழியே போங்கள். பள்ளத்தில்தான் புதர் அடர்ந்திருக்கும், கல் உருண்டு வரும், போனுக்குச் சிக்னல் இருக்காது. இரண்டாவது, இரண்டு கோட்டுக்கு நடுவே 35 அடிப் பாறைச் சுவர் ஒன்று முழுசாக ஒளிந்துகொள்ளலாம். மேப் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரியாது.

அதனால் கால்டோப்போவில் சரிவுக் கோண லேயரையும் போட்டுப் பாருங்கள். 27 டிகிரியில் மஞ்சள் ஆரம்பித்து ஆரஞ்சாகி, 35-ல் சிவப்பாகும். புதியவர் சிவப்பைத் தொடாமல் பாதை போடவேண்டும். முடியவில்லையென்றால் அந்த உச்சி பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏறுவதன் கடினத்தை இங்கே ஒன்று முதல் ஐந்து வகுப்பாகச் சொல்வார்கள். ஒன்று என்றால் சாதாரண நடை, இரண்டு என்றால் நிலைக்காகக் கையை ஊன்ற வேண்டி வரும், மூன்று என்றால் கையும் காலுமாக ஏறுவது, ஐந்து என்றால் கயிறு. முதல் வருடம் முழுக்க இரண்டாம் வகுப்போடு நின்றாலும் உங்களுக்குப் போதுமான உச்சிகள் இருக்கின்றன. அதே கலிஃபோர்னியா பட்டியலில்தான் ஃப்ரெஸ்னோவின் நார்த் பாலிசேட், 14,242 அடி, இருக்கிறது. அது மலையேற்றக்காரர்களின் வேலை.

அடுத்து சாட்டலைட் படம். மேப்பில் சுத்தமாகத் தெரிகிற சரிவு நேரில் மன்சனிட்டா புதராக இருக்கும். இடுப்பளவு உயரம், சிவப்புத் தண்டு, இரும்புக் கம்பி போல விறைப்பு. அதை விலக்க முடியாது, மேலே ஏறித்தான் கடக்கவேண்டும். ஒரு மணி நேரத்தில் கால் மைல் போனாலே பெரிய காரியம். படத்தில் கரும்பச்சையாகச் சொரசொரவென்று ஒரே மட்டமாகத் தெரிகிற இடமெல்லாம் அந்தப் புதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பு என்றால் புல், சாம்பல் என்றால் கல். மரங்கள் தனித்தனியாக, நிழலோடு தெரிந்தால் கீழே நடக்க இடம் இருக்கும். காட்டுத்தீ எரிந்த இடமென்றால் பழைய படத்தை நம்பாதீர்கள். நாலைந்து வருடத்தில் விழுந்த மரமும் முள்புதருமாக மாறியிருக்கும். யாரோ போட்ட ஜிபிஎஸ் தடத்தை அப்படியே இறக்கிக்கொண்டு பின்தொடர்வதிலும் இதே சிக்கல் உண்டு. அவர் எந்த வருடம் போனார் என்று முதலில் பாருங்கள்.

நேரக் கணக்கு: டிரெயிலில் மணிக்கு இரண்டு மைல் நடப்பவர் என்றால் டிரெயில் இல்லாத இடத்தில் ஒரு மைல், புதரில் அரை மைலுக்கும் கீழே. இந்தக் கணக்கில் பாதை ஒரு பகலுக்குள் அடங்கவில்லையென்றால் வேறு பாதை பாருங்கள்.

பையில் என்ன

வழக்கமான ஹைக்கிங் பட்டியல் உங்களிடம் இருக்கும். டிரெயிலை விடுவதால் கூடுவதை மட்டும் சொல்கிறேன். முழுக்கால் பேன்ட், முழுக்கை சட்டை. கைக்கு மெல்லிய தோட்ட வேலைக் கையுறை. பாறை, முள் இரண்டுக்கும் ஆகும். சரளைக் கல் ஷூவுக்குள் போகாமல் கணுக்காலை மூடும் கெய்ட்டர். நெவாடாவில் தண்ணீர் கிடைக்காது, நான்கு லிட்டர் வீட்டிலிருந்தே. பவர் பேங்க். மேப் டவுன்லோட் செய்த போன், ஏரோப்ளேன் மோடில். சிக்னல் இல்லாமலே ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் நிற்கும். அதோடு காகித மேப்பும் காம்பஸும். காம்பஸின் முள் காட்டும் வடக்குக்கும் மேப்பின் வடக்குக்கும் வட கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய 13 டிகிரி வித்தியாசம். சரி செய்துகொள்ளாமல் ஒரு மைல் நடந்தால் 1,200 அடி தள்ளிப் போய் நிற்பீர்கள்.

சாட்டலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று, கார்மின் இன்ரீச் மாதிரி, தனியாகப் போகிறவருக்கு அவசியம் என்பேன். டிரெயிலில் கால் பிசகினால் பின்னால் ஒருவர் வருவார். இங்கே யாரும் வரமாட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம். உயரத்தில் பசி மந்தமாகும்போது இனிப்பு பாரைப் பார்த்தாலே வெறுப்பு வரும். புளியும் உப்பும் உள்ளே இறங்கும்.

ஐந்தாம் படி: சொனோரா பீக்கில் பழகுங்கள்

டிரெயிலை விட்டு முதல் நடைக்கு நான் கைகாட்டுவது ஆல்பைன் கவுண்டியின் சொனோரா பீக், 11,459 அடி. முழுக்க தேசிய வன நிலம். மரங்கள் வளரும் உயரம் முடிகிற மரக்கோட்டுக்கு மேலே இருப்பதால் புதர்த் தொல்லை இல்லை. போகிற வழி முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். பே ஏரியாவிலிருந்து நான்கு மணி நேர டிரைவ். 108-ஆம் எண் சாலை, 9,624 அடியிலுள்ள சொனோரா பாஸ் என்ற கணவாயைத் தாண்டுகிறது. குளிர்காலம் முழுக்கச் சாலையை மூடிவிடுவார்கள், அதனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை பாருங்கள்.

கணவாய்க்குச் சுமார் ஒரு மைல் மேற்கே செயின்ட் மேரிஸ் பாஸ் டிரெயில் தொடங்கும். முந்தின இரவு அந்தப் பக்கத்திலேயே எங்காவது கேம்ப் போட்டுத் தூங்குங்கள். பே ஏரியாவின் ஃப்ரீமாண்ட் மாதிரித் தாழ்வான ஊரில் தூங்கி எழுந்து நேரே இங்கே வந்து நடந்தால் பத்தாயிரம் அடியில் தலை விண்விண் என்று தெறிக்கும். தலைவலி வாந்தியாக மாறினால் மருந்து ஒன்றுதான், கீழே இறங்குவது.

காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்கலாம். முதல் ஒரு மைலுக்கு டிரெயில் தெளிவாக இருக்கிறது, செங்குத்தாக ஏறும். சுமார் 10,400 அடியில் செயின்ட் மேரிஸ் பாஸ். அங்கே டிரெயில் முகட்டைக் கடந்து வடக்கே இறங்கிவிடும். உங்கள் வழி வலது பக்கம், கிழக்கே, மேலே. இங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். போனில் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். இறங்கும்போது இந்த இடம் எப்படித் தெரியும் என்று மனதில் ஏற்றிக்கொள்ள இது ஒன்றுதான் நேரம்.

இதற்கு மேல் ஏறக்குறைய ஆயிரம் அடி. எரிமலைக் கல், இளகிய சரளை. முன்னால் போனவர்களின் கால் தேய்த்த கோடுகள் அங்கங்கே தெரியும், பாதியில் காணாமல் போகும். அவற்றை நம்பி வளைய வளையப் போகாமல், கெட்டியான கல் எங்கே துருத்திக்கொண்டிருக்கிறதோ அதைப் பார்த்து ஏறுங்கள். சரளையில் இரண்டு அடி வைத்தால் ஓர் அடி பின்னால் சறுக்கும். ஒவ்வொரு கல்லிலும் முழு எடை போடுவதற்கு முன் காலால் லேசாக அசைத்துப் பாருங்கள். இருவர் போனால் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் வரவேண்டாம். பக்கவாட்டில் தள்ளி வாருங்கள். கல் உருண்டால் "ராக்" என்று கத்துவது இங்குள்ள வழக்கம், யாருடைய மொழி எதுவாக இருந்தாலும். புல்லும் சின்னச் செடியும் இருக்கிற இடத்தை மிதிக்காமல் கல்லின் மேலேயே நடங்கள். வழிகாட்டுவதாக நினைத்துக் கல் அடுக்கி வைக்காதீர்கள்.

உச்சியில் தெற்கே யோசெமிட்டிப் பக்கத்து மலைகள், வடக்கே ஸ்டானிஸ்லாஸ் பீக். இது மாதிரி உச்சிகளில் பாறை இடுக்கில் ஒரு டப்பா இருக்கும், உள்ளே நோட்டு. பெயரும் தேதியும் எழுதிவிட்டு மழை நுழையாதபடி மூடி, இருந்த இடத்திலேயே வையுங்கள். சில உச்சிகளில் உள்ளங்கை அளவுள்ள பித்தளை வட்டு ஒன்று பாறையில் பதித்திருக்கும், அளவைத் துறையினர் வைத்தது. நடுவில் முக்கோணம் இருந்தால் அதுவே அளவைப் புள்ளி. அம்புக்குறி இருந்தால் புள்ளி வேறிடத்தில், அம்பு காட்டும் திசையில். வட்டைச் சேதப்படுத்தினால் 250 டாலர் அபராதம் என்று பலவற்றில் எழுதியிருக்கும். அளவையாளர் தன் கருவியை வைக்கத் தோதான இடத்தில்தான் வட்டைப் பதித்திருப்பார். அது உச்சியாகவே இருக்கவேண்டியதில்லை. பத்தடி தள்ளி ஒரு பாறை உயரமாகத் தெரிந்தால் அதிலும் ஏறிவிடுங்கள்.

மதியம் பன்னிரண்டுக்குள் உச்சியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். இந்தச் சியெரா மலைத்தொடரில் கோடையில் மத்தியானம் மேகம் திரண்டு இடி இறங்கும். பூக்கோசு மாதிரி வெள்ளை மேகம் உயர ஆரம்பித்தாலே, உச்சிக்கு நூறடிதான் பாக்கி என்றாலும், திரும்புங்கள்.

இறங்குவது

ஏறும்போது எல்லா முகடும் உச்சியில் வந்து சேரும். எந்த முகட்டைப் பிடித்தாலும் மேலே போய்விடலாம். இறங்கும்போது அதே முகடுகள் பிரிந்து பிரிந்து போகும். உச்சியில் இருபது டிகிரி தவறித் திரும்பினால் கீழே இரண்டு மைல் தள்ளி, வேறு பள்ளத்தாக்கில் நிற்பீர்கள். டிரெயில் இல்லாத மலையில் ஆள் தொலைவது பெரும்பாலும் இப்படித்தான்: உச்சியைத் தொட்ட சந்தோஷம், களைப்பு, பேச்சு; கால் தானாகவே சுலபமாகத் தெரிகிற சரிவைத் தேர்ந்தெடுத்துவிடும்.

எனவே உச்சியை விட்டு எழுந்ததும் முதல் ஐந்து நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டு மேப்பையும் காம்பஸையும் பாருங்கள். முதல் இருநூறு அடி சரியான முகட்டில் இறங்கிவிட்டால் மீதி தானாக வரும். ஒவ்வொரு கிளை முகட்டிலும் நின்று பாருங்கள்.

சொனோரா பீக்கை நான் முதல் மலையாகச் சொல்வதற்கு இதுவும் காரணம். தெற்கே முழுக்க 108-ஆம் சாலை குறுக்கே ஓடுகிறது. அந்தப் பக்கம் எங்கே தவறினாலும் கடைசியில் தார்ச்சாலையில்தான் போய் முட்டுவீர்கள். பாதை போடும்போதே இப்படி ஒரு தடுப்பு, சாலையோ ஆறோ, இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். வடக்கே தவறினால் கார்சன்-ஐஸ்பர்க் காட்டுப் பகுதி, மைல்கணக்கில் சாலை கிடையாது. செயின்ட் மேரிஸ் பாஸ் கண்ணில் படாமல் நீங்கள் இறங்கிக்கொண்டே இருந்தால் நின்று, மேலே ஏறித் திரும்புங்கள். கீழே ஓர் ஓடை தெரிகிறது, அதைப் பிடித்துப் போய்விடலாம் என்று தோன்றும். ஓடை அருவியாக முடியும் இடத்தில் மாட்டிக்கொண்டவர்களைத்தான் ஹெலிகாப்டர் வந்து தூக்குகிறது.

முழங்காலுக்கும் ஒரு வார்த்தை: ஊன்றுகோல் ஏறும்போது பையில் கிடந்தாலும் இறங்கும்போது கையில் இருக்கட்டும்.

அடுத்து எங்கே

சொனோரா சரியாக வந்துவிட்டால் நெவாடாவுக்குப் போங்கள். ஸ்டோரி கவுண்டியின் உச்சியும் ஒரு மவுன்ட் டேவிட்சன்தான், 7,864 அடி, வர்ஜினியா சிட்டிக்கு மேற்கே தலைக்கு மேல் நிற்கிறது. 1859-ல் வெள்ளி கிடைத்த மலை என்பதால் சுற்றிலும் பழைய சுரங்கக் குழிகள். மரச்சட்டம் உளுத்துப்போன வாய்களுக்கு அருகில் தரை உள்வாங்கும். எட்டிப் பார்க்கக்கூடப் போகாதீர்கள். சுரங்க உரிமைத் துண்டுகள் தனியார் வசம் நிறைய இருப்பதால் நில உரிமை லேயர் இங்கே கட்டாயம். அதற்கப்புறம் மோடாக் கவுண்டியின் ஈகிள் பீக், 9,892 அடி. கலிஃபோர்னியாவின் வடகிழக்கு மூலை, டிரெயில் பாதி வரை போகும், மீதி நீங்களே.

கடற்கரையோர மலைகளுக்குக் குளிர்காலமும் வசந்தமும்தான் தோது. கோடையில் வெயிலும் பாம்பும். தொட்டால் தோல் அரிக்கும் பாய்சன் ஓக் செடியின் மூன்று இலைக் கொத்தை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். இலை உதிர்ந்த குச்சியிலும் அரிக்கச் செய்யும் எண்ணெய் இருக்கும், துணியில் ஒட்டி வீட்டுச் சோபா வரை வரும். திரும்பியதும் உடைகளைத் தனியாகத் துவைத்துவிட்டு, உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். அக்டோபர், நவம்பரில் வேட்டைக் காலம்; ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். வேலிக்கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டு வாருங்கள்.

கிளம்புவதற்கு முன் யாரிடமாவது எந்த மலை, எந்தப் பக்கத்தில் ஏறுகிறீர்கள், கார் எங்கே நிற்கும், எத்தனை மணிக்குச் செய்தி வராவிட்டால் அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். தேடல் குழுவை அனுப்புவது அந்தந்தக் கவுண்டியின் ஷெரிஃப், அதனால் கவுண்டியின் பெயரும் அந்தத் தாளில் இருக்கவேண்டும். சிக்னல் வந்த முதல் இடத்தில், காப்பிக் கடைக்குள் நுழையும் முன்பே, இறங்கிவிட்டேன் என்று அவருக்குச் செய்தி போட்டுவிடுங்கள்.